படித்த மாதிரியே இருக்கும், எழுத வராது: கல்லூரியில் தவிர்க்க வேண்டிய படிப்புத் தவறுகள்

தேர்வு முடிவு வந்த மறுநாள் ஒரு மாணவி என் மேசைக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள். கையில் தடித்த நோட்டு. "மூணு தடவை முழுசா படிச்சேன் சார். எப்படி மார்க் குறைஞ்சதுன்னே தெரியல" என்றாள். நோட்டைப் பிரித்தேன். மஞ்சள், பச்சை, இளஞ்சிவப்பு என்று பக்கம் முழுக்க ஹைலைட்டர். நிறம் படாத வரி பக்கத்துக்கு இரண்டோ மூன்றோதான் இருக்கும்.

நோட்டை மூடச் சொல்லி ஒரு வெள்ளைத்தாளைக் கொடுத்தேன். "கிரெப்ஸ் சுழற்சியில் என்ன நடக்கிறது? நினைவில் இருப்பதை எழுதும்மா, தப்பு வந்தாலும் பரவாயில்லை." உணவிலிருந்து செல் ஆற்றலை எடுக்கும் வேதிவினைத் தொடர்தான் அந்தச் சுழற்சி. முதல் வரி வேகமாக வந்தது. இரண்டாவது வரியில் சிட்ரிக் அமிலம் என்று எழுதியதும் பேனா நின்றுவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து, "அந்தப் பக்கம் அப்படியே கண்ணு முன்னாடி தெரியுது சார். வலது பக்கம், மேலே, பச்சை கலர்ல. அதுல என்ன எழுதியிருக்குங்கறதுதான் வரல" என்றாள்.

அவள் உழைக்காதவள் இல்லை. மூன்று தடவை படித்ததும் உண்மைதான். ஆனால் பார்த்தால் அடையாளம் தெரிவது வேறு, பார்க்காமல் எடுத்துச் சொல்வது வேறு. தினமும் எதிரில் வரும் ஒருவரை எந்தக் கூட்டத்திலும் கண்டுபிடித்துவிடுவோம்; அவர் முகத்தைக் காகிதத்தில் வரையச் சொன்னால் கை வராது. பாடத்தை மறுபடி மறுபடி படிக்கும்போது வரிகள் பழகிப்போகின்றன. அந்தப் பழக்கத்தை 'தெரிந்துவிட்டது' என்று மனம் எடுத்துக்கொள்கிறது. கல்லூரியில் நான் பார்க்கும் படிப்புத் தவறுகளில் முக்கால்வாசி இந்த ஒரு ஏமாற்றத்திலிருந்துதான் கிளம்புகின்றன.

திரும்பத் திரும்பப் படிப்பது

இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். 2006-ல் ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்ப்பிக் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களிடம் ஒரு கட்டுரைப் பகுதியைக் கொடுத்தார்கள். ஒரு குழு ஐந்து ஐந்து நிமிடமாக நான்கு முறை அதையே படித்தது. அந்த நான்கு சுற்றையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தால், ஆளுக்குச் சுமார் 14 தடவை முழுசாகப் படித்திருந்தார்கள். இன்னொரு குழு முதல் ஐந்து நிமிடம் மட்டும் படித்தது. மீதி மூன்று முறையும் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதியது.

ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது படித்துக்கொண்டே இருந்தவர்கள்தான் முன்னால் நின்றார்கள்: 83 சதவீதம். எழுதிப் பார்த்தவர்களுக்கு 71. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது நிலைமை தலைகீழ். படித்தவர்களிடம் மிஞ்சியது 40 சதவீதம். எழுதிப் பார்த்தவர்களிடம் 61. இதில் என்னை மிகவும் யோசிக்க வைப்பது இன்னொரு விஷயம். ஒரு வாரம் கழித்து எவ்வளவு நினைவிருக்கும் என்று முன்கூட்டியே கேட்டபோது, அதிக நம்பிக்கையோடு பதில் சொன்னவர்கள் படித்துக்கொண்டே இருந்த குழுவினர்தான்.

அதனால் ஒரு பகுதி படித்து முடித்ததும் புத்தகத்தை மூடிவிடுங்கள். வெள்ளைத்தாளில் நினைவிருப்பதை எல்லாம் எழுதுங்கள். வரவில்லை என்றால் உடனே புத்தகத்தைத் திறக்காதீர்கள்; ஒரு நிமிடமாவது தவியுங்கள். அந்தத் தவிப்பில்தான் வேலை நடக்கிறது. அப்புறம் திறந்து, விட்டதையும் தப்பானதையும் வேறு நிற மையில் திருத்துங்கள். நாளைக்கு எதைப் படிக்க வேண்டும் என்பதை அந்தத் திருத்தங்களே காட்டிவிடும். முதல் சில நாள் மனசு சோர்ந்துபோகும், 'எனக்கு ஒன்றுமே தெரியவில்லையே' என்று தோன்றும். தேர்வு அறையில் தெரியவேண்டியது வீட்டிலேயே தெரிந்துவிட்டது, அவ்வளவுதான்.

ஹைலைட்டர் வைத்திருப்பதில் தப்பில்லை. கோடு போட்டதோடு படிப்பு முடிந்தது என்று நினைப்பதுதான் தப்பு. 2013-ல் பத்துப் படிப்பு முறைகளை எடுத்து அலசிய ஒரு பெரிய ஆய்வுத் தொகுப்பு, கோடு போடுவதையும் திரும்பப் படிப்பதையும் பயன் குறைந்த வரிசையில் வைத்தது. தன்னைத்தானே சோதித்துக்கொள்வதும், படிப்பை நாள்விட்டுப் பிரித்துக்கொள்வதும் மேல் வரிசையில் இருந்தன.

எல்லாவற்றையும் கடைசி இரவுக்கு வைப்பது

நாள்விட்டுப் பிரித்துப் படிப்பது புதிய கண்டுபிடிப்பு இல்லை. ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர், தன்னையே சோதனைப் பொருளாக வைத்து, பொருளில்லாத அசைகளை மனப்பாடம் செய்து மறதியை அளந்தார். 1885-ல் அதை வெளியிட்டார். படித்த முதல் ஒரு மணி நேரத்திலேயே பாதிக்குமேல் நழுவிவிட்டது; அதன்பிறகு நழுவும் வேகம் குறைந்தது. அவர் எழுதிவைத்த இன்னொரு கணக்கு மாணவர்களுக்கு மிகவும் வேண்டியது. ஒரே மூச்சில் 68 தடவை சொல்லிப் பார்த்ததற்கு நிகரான பலன், மூன்று நாட்களில் பிரித்துச் சொன்னபோது 38 தடவையிலேயே கிடைத்தது.

அதாவது, பிரித்துப் படிப்பவர் கூடுதலாக உழைக்கவில்லை, குறைவாகத்தான் உழைக்கிறார். கடைசி இரவில் கண்விழித்துப் படித்தால் மறுநாள் காலை ஓரளவு எழுதிவிடலாம், அதை மறுக்கவில்லை. ஆனால் அடுத்த செமஸ்டரில் அதே பாடத்தின் மேல் இன்னொரு பாடம் வந்து உட்காரும்போது அடியில் ஒன்றும் இருக்காது. போதாக்குறைக்கு அன்று தூக்கத்தையும் விட்டிருப்பீர்கள். பகலில் படித்தது நினைவில் இறுகுவதில் தூக்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு. தூக்கத்தைக் குறைத்துப் படிப்பது ஒரு கையால் கொடுத்ததை மறுகையால் பிடுங்கிக்கொள்வது மாதிரிதான்.

வகுப்பு நடந்த அன்று மாலையே பத்து நிமிடம், இரண்டு மூன்று நாள் கழித்து ஒரு தடவை, அடுத்த வாரம் ஒரு தடவை. இது போதும். அட்டவணை பிசகினால் விட்டுவிடாதீர்கள். பிசகிய இடத்திலிருந்தே தொடருங்கள்.

ஒரே மாதிரிக் கணக்குகளை வரிசையாகப் போடுவது

இதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஒரு பாடத்தின் முடிவில் இருக்கும் இருபது கணக்கையும் ஒரே நாளில் போட்டு முடித்துவிட்டு, 'இந்த அத்தியாயம் ஆச்சு' என்று டிக் அடிப்போம். அந்த இருபதுக்கும் சூத்திரம் ஒன்றுதான். முதல் கணக்கில் மட்டும்தான் யோசிக்கிறோம். மற்ற பத்தொன்பதிலும் கேள்வியைப் படிக்கும் முன்பே எதைப் போட வேண்டும் என்று கைக்குத் தெரிந்துவிடுகிறது.

2007-ல் டக் ரோரர், கெல்லி டெய்லர் என்ற இருவர், நான்கு விதமான திட வடிவங்களின் கன அளவைக் கண்டுபிடிக்க மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். சிலர் ஒவ்வொரு வடிவத்துக்கும் உரிய கணக்குகளை மொத்தமாகப் போட்டார்கள், சிலர் நான்கையும் கலந்து போட்டார்கள். பயிற்சியின்போது மொத்தமாகப் போட்டவர்களுக்கு 89 சதவீதம் சரி, கலந்து போட்டவர்களுக்கு 60. ஒரு வாரம் கழித்து வைத்த தேர்வில் மொத்தமாகப் போட்டவர்கள் 20 சதவீதத்துக்கு இறங்கிவிட்டார்கள். கலந்து போட்டவர்கள் 63.

காரணம் எளிது. தேர்வில் கேள்விக்கு மேலே அத்தியாயத்தின் பெயர் இருக்காது. இது எந்த வகைக் கணக்கு என்று கண்டுபிடிப்பதே பாதி வேலை. வரிசையாகப் போட்டவர் அந்தப் பாதியைப் பழகவே இல்லை. அதனால் இன்றைய பாடத்தில் ஐந்து கணக்கு போட்டால், கூடவே போன வாரத்தில் இரண்டு, போன மாதத்தில் ஒன்று என்று சேர்த்துக்கொள்ளுங்கள். தப்பு நிறைய வரும், வரட்டும். கணக்குக்கு மட்டும் இல்லை. கோட்பாடுகளை ஒப்பிட வேண்டிய பொருளியலுக்கும், நோய்க்குறிகளைப் பிரித்தறிய வேண்டிய மருத்துவத்துக்கும் இது பொருந்தும்.

கூடிப் படிப்பதும் குறிப்பெடுப்பதும்

நான்கு பேர் சேர்ந்து படிக்கும் அறைகளை எட்டிப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் ஒருவர் விளக்குவார், மூன்று பேர் தலையாட்டுவார்கள். அந்த நாளில் படித்தவர் விளக்கியவர் மட்டுமே. ஆளுக்கு ஒரு பகுதியைப் பிரித்துக்கொண்டு, நோட்டை மூடிவைத்து, முறைவைத்து விளக்குங்கள். கேட்பவர்களின் வேலை 'ஏன்?' என்று இடைமறிப்பது.

வகுப்பில் ஆசிரியர் சொல்வதை அப்படியே எழுதிக்கொள்பவர்களும் இதே மாதிரிதான். காதில் விழுந்தது கை வழியாகத் தாளுக்குப் போய்விடும், நடுவில் எங்கும் தங்காது. கொஞ்சம் கேட்டு, உங்கள் சொற்களில் சுருக்கி எழுதுங்கள். புரியாத இடத்தில் ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போடுங்கள்.

அந்தக் கேள்விக்குறியை அந்த வாரமே ஆசிரியரிடம் கொண்டுபோவதுதான் பலருக்குக் கஷ்டம். 'இதுகூடத் தெரியாதா என்று நினைப்பாரோ' என்ற கூச்சம். எனக்கும் அது இருந்தது. முதல் ஆண்டில் கணிதத்தில், வகையிடலில் (differentiation) வந்த ஒரு சின்னச் சந்தேகத்தைக் கேட்காமல் விட்டேன். இரண்டாம் ஆண்டில் அதன்மேல் கட்டிய ஒரு பாடம் முழுவதும் எனக்குப் புரியாமலே போனது. 'இந்தப் பாடம் புரியவில்லை' என்று மொத்தமாகக் கேட்காமல், 'இந்த வரி வரைக்கும் வந்தேன், இங்கிருந்து அடுத்த வரி எப்படி வந்தது?' என்று கேட்டுப் பாருங்கள். பதில் சொல்பவருக்கும் எளிது, உங்கள் கூச்சமும் பாதி போய்விடும்.

'நான் படம் பார்த்தால்தான் கற்பேன்', 'நான் கேட்டால்தான் கற்பேன்' என்று தன்னை ஒரு வகைக்குள் அடைத்துக்கொள்வதையும் விட்டுவிடலாம். அந்தந்த வகைக்கு ஏற்பக் கற்பித்தால் நன்றாக வரும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை என்று 2008-லேயே ஆய்வாளர்கள் அலசிச் சொல்லிவிட்டார்கள். வரைபடம் தேவைப்படும் பாடத்துக்கு வரைபடம் எல்லோருக்கும் தேவை.

அந்த மாணவி ஒரு மாதம் கழித்து மறுபடி வந்தாள். நோட்டு இல்லை, நூலால் கட்டிய தாள்கள் இருந்தன. முதல் தாளில் நீலத்தைவிடச் சிவப்பு மை அதிகம். ஐந்தாவது தாளில் ஒரே ஒரு இடத்தில்தான் சிவப்பு: சிட்ரிக் அமிலம் திரும்ப ஆக்சலோஅசிடேட்டாக, அதாவது சுழற்சி தொடங்கிய நாலு கார்பன் பொருளாக, மாறும் இடம். "நாலு கார்பனோட ரெண்டு சேர்ந்து ஆறு, அது வருது சார். அந்த ஆறு திரும்ப நாலா ஆகறப்போ ரெண்டு கார்பன் எங்க போகுதுன்னுதான் குழம்புது" என்றாள். மூன்று தடவை படித்தபோது அவளுக்கு வராத கேள்வி அது. நாற்காலியை இந்தப் பக்கம் இழுத்துப் போடச் சொன்னேன்.