படகின் உலோகப் பாகங்களில் கீறலா? தேய்க்கும் முன் ஒரு நிமிஷம்

கைப்பிடிக் கம்பியில் ஒரு கீறல் விழுந்துவிட்டால் மனசு கேட்காது. கையில் கிடைத்ததை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்துவிடுவோம். சில வாரங்களில் அதே இடம் பழுப்பேறி நிற்கும். "கீறல் வழியாகத் துரு ஏறிவிட்டது" என்று சொல்லிக்கொள்வோம். பெரும்பாலும் குற்றவாளி கீறல் இல்லை, தேய்த்த கைதான்.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் இருக்கிறது. அது காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து, சில நானோமீட்டர் கனத்தில் ஒரு படலமாக மேலே படிந்திருக்கும். துருவைத் தடுப்பது இந்தப் படலம்தான். கீறினால் உடைகிறது, காற்றுப் பட்டால் தானே மறுபடி மூடிக்கொள்கிறது. ஆகவே மேலோட்டமான, சுத்தமான கீறல் பார்க்க அசிங்கமாக இருக்கும், அவ்வளவுதான்.

கெடுதல் எங்கே தொடங்குகிறது என்றால், இரும்பு நாரிலும் சாதாரணக் கம்பி பிரஷ்ஷிலும். இவற்றின் பொடிப்பொடித் துகள்கள் ஸ்டீலின் மேல் பதிந்துவிடும். உப்புக்காற்று பட்டதும் முதலில் துருப்பிடிப்பது அந்தத் துகள்கள்தான். வேறெங்கோ இரும்புக் கதவைத் தேய்த்து மிச்சமான உப்புத்தாளுக்கும் இதே கதி. நைலான் தேய்ப்பான், புதிய உப்புத்தாள் இரண்டும் போதும்.

அடுத்தது அவசரம். 120 எண் முரட்டுத்தாளால் பறபறவென்று தேய்த்து, கீறல் போனதும் நேராகப் பாலிஷ் போடுவது. பளபளப்பு வந்ததுபோல் தெரியும். ஆனால் முரட்டுத்தாள் போட்ட கோடுகளில் உப்பும் ஈரமும் தங்கிக்கொள்ளும். ஒரே ஒரு கீறல் இருந்த இடத்தில் இப்போது ஆயிரம்! ஆழம் குறைந்த கீறலுக்கு 400 அல்லது 600 எண் வாட்டர் பேப்பரில் தொடங்கி, 800, 1200 என்று தண்ணீர் தொட்டுத் தேய்த்துக்கொண்டே போகவேண்டும். ஒவ்வொரு தாளையும் முந்தைய தாளுக்குக் குறுக்காக ஓட்டுங்கள். பழைய கோடுகள் முழுசாக மறைந்துவிட்டனவா என்று அப்போதுதான் கண்ணுக்குத் தெரியும். மறைந்த பிறகே அடுத்த எண். அப்புறம்தான் பாலிஷ். பாகம் ஏற்கெனவே கோடுகோடான மேற்பரப்போடு வந்திருந்தால் கண்ணாடிப் பளபளப்புக்கு முயல வேண்டாம். கடைசித் தாளை அந்தக் கோடு போகும் திசையிலேயே ஓட்டி நிறுத்திவிடலாம்.

பொறுமை இல்லாமல் கிரைண்டரை எடுப்பவர்களும் உண்டு. ஒரே இடத்தில் அழுத்திப் பிடித்தால் சூட்டில் உலோகம் நீலம் பாயும். அந்த இடத்தில் துரு தாங்கும் சக்தியும் குறைந்துவிடும்.

இத்தனையும் அது ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருந்தால். மினுக்குவதெல்லாம் ஸ்டீல் இல்லையே! பழைய கிளீட் (கயிறு சுற்றிக் கட்டும் கொம்பு), கீல் போன்றவை குரோமியம் பூசிய பித்தளையாகவோ வெண்கலமாகவோ இருக்கலாம். அந்தக் குரோமியப் பூச்சு பொதுவாக ஒரு மைக்ரான்கூட இருக்காது. அடியில் நிக்கல், அதற்கும் அடியில் மஞ்சள். உப்புத்தாள் பட்டால் பூச்சு போய்விடும், பிறகு மறுமுலாம்தான் வழி. காந்தம் வைத்துப் பார்த்தும் பயனில்லை. பித்தளையிலும் ஒட்டாது, படகில் அதிகம் வரும் 316 ரக ஸ்டீலிலும் அநேகமாக ஒட்டாது. திருகு ஓட்டையின் விளிம்பைப் பாருங்கள். மஞ்சளோ பச்சைக் களிம்போ தெரிந்தால் தாளைக் கீழே வைத்துவிட்டு மெழுகு மட்டும் பூசுங்கள். அனோடைஸ் செய்த (மின்சாரத்தால் காப்புப் படலம் ஏற்றிய) அலுமினியமும் அப்படித்தான், தேய்த்தால் காப்புப் படலமே போய்விடும். துத்தநாகம் பூசிய நங்கூரத்தில் கீறல் இருந்தால் சுத்தம் செய்து, துத்தநாகப் பெயின்ட் அடித்தால் சரி.

பழுப்புக் கறையைப் போக்க ஹைட்ரோகுளோரிக் அமிலமோ பிளீச்சோ ஊற்றவே கூடாது. இரண்டிலும் உள்ள குளோரின் சமாச்சாரம் ஸ்டீலில் குழி பறிக்கும். சிட்ரிக் அமிலக் கரைசல் போதும். முடிந்ததும் நல்ல தண்ணீரில் நன்றாக அலசுங்கள். தொடங்கும் முன் சுற்றிலும் மாஸ்கிங் டேப் ஒட்ட மறக்காதீர்கள். பாலிஷின் கருப்பு அழுக்கு தேக்குப் பலகையில் இறங்கினால் அது தனி வேலை.

எல்லாவற்றிலும் ஆபத்தான தவறு, விரிசலைக் கீறல் என்று நினைப்பது. ஷேக்கிள் (U வடிவ இணைப்பு வளையம்), பாய்மரக் கம்பியைத் தாங்கும் பட்டை போன்றவற்றில் மயிரிழை போன்ற கோடு தெரிந்து, அதற்குள்ளிருந்து பழுப்பு கசிந்தால் பாலிஷ் போடாதீர்கள். பாலிஷ் விரிசலின் வாயை மூடி மறைத்துவிடும், பலம் திரும்பாது. அந்தப் பட்டை தளத்துக்குள் நுழையும் இடத்தில் தண்ணீர் தேங்கும், காற்று போகாது. உடைந்த படலம் அங்கே தானாக மூடிக்கொள்ள வழியே இல்லை. கழற்றி, சாயம் ஊறவைத்து விரிசல் காட்டும் சோதனை செய்து பார்க்கவேண்டும். விரிசல் உறுதியானால் புதுசுதான்.

நீர்மட்டத்துக்குக் கீழே உள்ள பித்தளை வால்வில் இளஞ்சிவப்புத் திட்டு தெரிந்தாலும் அதேதான். துத்தநாகம் கரைந்து வெளியேறி, மிஞ்சிய செம்பு சல்லடையாக நிற்கிறது. அதைத் தேய்த்து மினுக்கிக்கொண்டிருக்க வேண்டாம், மாற்றிவிடுங்கள்.