மெனோபாஸ் டைம்ல வெயிட் தூக்குறீங்களா, இந்த தப்பெல்லாம் பண்ணிடாதீங்க

ரெண்டு வருஷமா அதே 2 கிலோ டம்பெல் ஜோடி, அதே 20 தடவை, அதுவும் டிவி பாத்துக்கிட்டே. நானும் ஸ்ட்ரென்த் ட்ரெய்னிங் பண்றேன்னு பெருமையா சொல்லிக்கிட்டு திரிஞ்சேன். ஒரு நாள் தரையில உக்காந்துட்டு எழுந்திருக்க ரெண்டு கையும் ஊன வேண்டியதாயிடுச்சு, அப்பதான் உறைச்சது, சீரியல் பாத்துக்கிட்டே தூக்க முடியுதுன்னா அது வெயிட்டே இல்லன்னு.

பெரிய தப்பு இதுதான், பயந்து பயந்து லேசாவே தூக்குறது. பீரியட்ஸ் நின்னு முழுசா 12 மாசம் ஆனா மெனோபாஸ்னு சொல்வாங்க, பெரும்பாலும் 45க்கும் 55க்கும் நடுவுல வரும். நம்ம எலும்பு தினமும் கொஞ்சம் கரைஞ்சு கொஞ்சம் புதுசா வளர்ந்துக்கிட்டே இருக்கும், அந்த கரையிற வேகத்துக்கு கடிவாளம் போட்டு வெச்சிருந்தது ஈஸ்ட்ரோஜன்ங்கிற பெண் ஹார்மோன், அது குறைஞ்சதும் வளர்றதை விட கரையிறது ஜாஸ்தியாயிடும். மெனோபாஸுக்கு அப்புறம் 5, 7 வருஷத்துல சிலருக்கு 20 சதவீதம் வரைக்கும் எலும்பு அடர்த்தி போயிடும். தசையும் கூடவே இளைக்கும். நல்லா பாரம் ஏறினாதான் எலும்பும் தசையும் அசைஞ்சு குடுக்கும், 2 கிலோவுக்கெல்லாம் அதுங்க திரும்பியே பாக்காது.

ஆம்பளை மாதிரி உடம்பு ஆயிடுமேன்னு கேக்குறவங்களுக்கு, அதுக்கு வேணுங்கிற அளவு டெஸ்டோஸ்டிரோன்ங்கிற ஆண் ஹார்மோன் நம்மகிட்ட கிடையாது, நிம்மதியா தூக்குங்க.

சரி, எவ்வளவு வெயிட்? 8லேர்ந்து 12 தடவை தூக்குற மாதிரி ஒண்ணு எடுங்க, கடைசி ரெண்டு தடவை மூச்சு வாங்கி வேகம் தானா குறையணும், ஆனா ஃபார்ம், அதாவது தூக்கும்போது உடம்பை வெச்சுக்கிற விதம், கோணக்கூடாது. முடிச்சப்புறம் இன்னும் 5 தடவை தூக்கிருக்கலாமேன்னு தோணிச்சுன்னா அது லேசு. 12 தடவை சுலபமா வர ஆரம்பிச்சதும் கொஞ்சம் ஏத்துங்க. எவ்வளவு தூக்கினோம்னு நோட்டுல எழுதலைன்னா இது நடக்கவே நடக்காது, என் ரெண்டு வருஷம் அப்படித்தான் போச்சு.

இதைப் படிச்சுட்டு நாளைக்கே 40 கிலோ பார்பெல்லை தூக்கிடாதீங்க, அது அடுத்த தப்பு. ஆஸ்திரேலியாவுல லிஃப்ட்மோர்னு ஒரு ஆய்வு பண்ணாங்க, எலும்பு அடர்த்தி கம்மியான 58 வயசு தாண்டின பெண்களை வாரம் 2 நாள், 30 நிமிஷம், 8 மாசம் நல்ல கனமா தூக்க வெச்சதுல முதுகெலும்பு அடர்த்தி ஏறிச்சு. ஆனா அவங்களுக்கே ஆரம்பத்துல லேசா வெச்சு தூக்குற முறையைத்தான் சொல்லிக்குடுத்தாங்க, கூடவே ஆள் நின்னு பாத்துக்கிட்டாங்க. தசை சீக்கிரம் பழகிடும், தசையை எலும்போட இணைக்கிற தசைநாண் மெதுவாதான் பழகும், அவசரப்பட்டா முட்டியோ தோளோ பிடிச்சுக்கும்.

ஸ்குவாட் பயமா இருந்தா நாற்காலி போதும். நுனியில உக்காந்து, பாதத்தை இடுப்பகலம் வெச்சு, கை ஊனாம எழுந்திருங்க, திரும்ப உக்காரும்போது மூணு எண்ணி மெதுவா இறங்குங்க, தொப்புனு விழாதீங்க. முக்கால்வாசி பேர் இந்த இறங்குறதைத்தான் கோட்டை விடுறாங்க. அது சுலபமானதும் ஒரு டம்பெல்லை நெஞ்சோட அணைச்சுக்கங்க.

மூச்சை அடக்கி முக்குறதும் வேண்டாம், பிபி இருந்தா சட்டுனு எகிறும். தூக்கும்போது விடுங்க, இறக்கும்போது இழுங்க. தூக்கும்போது யூரின் கசியுதுன்னு வெளிய சொல்ல கூச்சப்பட்டு மொத்தமா நிறுத்திடுறவங்க நிறைய பேர், யூரின் பையை கீழேர்ந்து தாங்குற தசைகளுக்குன்னு இடுப்புத்தள பிசியோதெரபி தனியாவே இருக்கு, பெரும்பாலும் நல்லா குறையும். ஆஸ்டியோபோரோசிஸ், அதாவது எலும்பு மெலிஞ்சு சுலபமா உடையிற நிலைன்னு ஏற்கனவே சொல்லிட்டாங்கன்னா சிட்-அப்ஸ், முதுகை வளைச்சு குனிஞ்சு தூக்குறது ரெண்டும் கூடாது, முதுகெலும்பு நசுங்கிடலாம்.

வாக்கிங் போறேனே போதாதான்னா போதாது, இதயத்துக்கு நல்லது, எலும்புக்கு பத்தாது. வாரம் 2 நாளாவது தசைக்குன்னு தனியா பயிற்சி வேணும்னு உலக சுகாதார நிறுவனமும் சொல்லுது. அதுக்காக தினமும் அதே தசையை போட்டு வாட்டாதீங்க, நடுவுல ஒரு நாள் விடுங்க.

சாப்பாட்டை குறைச்சு வெயிட்டையும் தூக்குறது இன்னொரு கூத்து. எடை மெஷின்ல முள்ளு இறங்கினா சந்தோஷம், இறங்கினது தசையா கொழுப்பான்னு அது சொல்லாதே. உடம்பு எடை கிலோவுக்கு 1லேர்ந்து 1.2 கிராம் புரோட்டீனாவது போகட்டும், கிட்னி பிரச்சனை இருந்தா மட்டும் டாக்டர் சொல்ற அளவு.

ராத்திரி பூரா ஹாட் ஃப்ளஷ்ல, அதாவது திடீர் திடீர்னு உடம்பு சூடாகி, வேர்த்து தூக்கமே இல்லாத நாள்ல வெயிட்டை குறைச்சு ஒரு செட்டோட முடிச்சுக்கங்க. கைய மேல தூக்கவே முடியாம தோள் இறுகி வலிச்சா பழகினா சரியாயிடும்னு வெயிட்டை தலைக்கு மேல தூக்கிக்கிட்டே இருக்காதீங்க, இந்த வயசுல ஃப்ரோசன் ஷோல்டர்னு தோள் மூட்டு இறுகிப்போறது சகஜம், டாக்டர்கிட்ட காட்டிடுங்க. அப்புறம் பீரியட்ஸ் நின்னு ஒரு வருஷம் தாண்டி திரும்ப ப்ளீடிங் பட்டுச்சுன்னா, வெயிட் தூக்கினதாலதான்னு நீங்களே முடிவு பண்ணிக்காம டாக்டரை போய் பாருங்க.