அழுகின அடினியத்த எப்படி காப்பாத்தினேன்

நாங்க இருக்கறது சேலம் கருப்பூர் பக்கம், மேக்னசைட் வெட்டி எடுக்கற ஏரியா, கோடை வந்தா வெயில் 40 டிகிரிய தொடும், போர் தண்ணி வேற உப்பு. ரோஜா, மல்லி எல்லாம் கருகினதும் பாலைவனச் செடியே வெச்சிடலாம்னு அடினியம், கத்தாழை, சப்பாத்திக்கள்ளி வாங்கினேன். நாலு அடினியத்துல மூணு போச்சு. வெயிலுக்கு வாடுதுன்னு நெனச்சு தினமும் தண்ணி ஊத்தினதுதாங்க தப்பு, அடித்தண்ட அமுக்கினா அழுகின வாழப்பழம் மாதிரி கொழகொழன்னு உள்ள போகுது.

நாலாவதும் ஆரம்பிச்சிடுச்சுன்னு தெரிஞ்சதும் புடுங்கி, அழுகினத எல்லாம் நல்ல சதை தெரியற வரைக்கும் கத்தியில செதுக்கி, மஞ்சத்தூள் தடவி, ஒரு வாரம் நெழல்ல சும்மா தொங்க விட்டேன் (வெங்காயமா காய வெக்கறேன்னு அம்மா சிரிச்சாங்க). அப்புறம் செம்மண் ஒரு பங்கு, மணலும் ஒடச்ச செங்கலும் சேந்து ரெண்டு பங்கு, தொட்டி ஓட்டைய பெருசு பண்ணி நட்டேன், அடியில தட்டு வெக்கறத விட்டுட்டேன். விரல விட்டுப் பாத்து மண்ணு காஞ்சாத்தான் தண்ணி.

கத்தாழைய சுத்தி ஜல்லி பரப்பினேன், களையும் கொறஞ்சிடுச்சு. இப்ப சாயங்காலம் ஏற்காடு மலைய பாத்துக்கிட்டே டீ குடிக்க அங்கதான் சேர் போடறேன், சப்பாத்திக்கள்ளி பக்கம் மட்டும் போறதில்ல.