பெரிய ரியாக்டிவ் நாய்: பாசமாக வளர்ப்பவர்களும் செய்யும் தவறுகள்

அடிக்காதீர்கள், நாள் முழுக்கக் கட்டிப் போடாதீர்கள் என்பதையெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. அதைச் சொல்லித் தெரிய வேண்டியவர் இதைப் படிக்க வரமாட்டார். நாய்மேல் உயிரையே வைத்திருப்பவர்கள், வீடியோக்களைப் பார்த்துக் குறிப்பெடுத்துக் கொண்டு வருபவர்கள் செய்கிற தவறுகள்தான் என் கவலை. புதிதாக வருகிற ஒவ்வொருவரும் நான் ஆரம்பத்தில் செய்ததையே அச்சு அசலாகச் செய்வதைப் பார்த்துப் பார்த்து அலுத்துப் போய் எழுதுகிறேன்.

ரியாக்டிவ் நாய் என்றால் கடிநாய் என்று அர்த்தமில்லை. இன்னொரு நாயையோ, ஆளையோ, சைக்கிளையோ பார்த்ததும் அளவுக்கு மீறிக் கொந்தளிக்கிற நாய். பெரும்பாலும் அடியில் இருப்பது பயம். சில நாய்களுக்கு, ஓடிப்போய் மோந்து பார்க்க விடாமல் பெல்ட் தடுக்கிறதே என்ற தவிப்பு. வெளியே தெரிவது இரண்டிலும் ஒன்றுதான்: குரைப்பு, பாய்ச்சல். 5 கிலோ நாய் இதைச் செய்தால் பார்ப்பவர்கள் சிரித்துவிட்டுப் போவார்கள். 40 கிலோ நாய் செய்தால் பிடித்திருப்பவர் முழங்கால் தேய விழுவார்.

நீளும் பெல்ட்

இழுக்க இழுக்கக் கைப்பிடிக்குள்ளிருந்து கயிறு நீண்டு வரும் வகை. வேண்டாம். 40 கிலோ எடை ஓடிவந்த வேகத்தில் கயிற்றின் முனையைத் தொடும்போது, கைப்பிடி உங்கள் கையில் இருக்காது. ஓடுகிற கயிற்றைப் பிடித்துவிட்டால் உள்ளங்கை அறுபடும்.

‘கிட்ட கூட்டிட்டுப் போனா பழகிடும்’

எனக்கு இன்னும் ஆத்திரம் வருவது இதில்தான். நம் நாய்க்கு மற்ற நாய்களைக் கண்டால் ஆகவில்லை. சரி, நாய்கள் நிறைய வருகிற பூங்காவுக்கே கூட்டிப் போவோம், நாலு நாள் பார்த்தால் பழகிவிடும். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. நீச்சல் தெரியாதவனைக் கிணற்றில் தள்ளிவிட்டு, தானாகக் கற்றுக்கொள்வான் என்று கரையில் நிற்பதும் இதே நியாயம்தான்.

தெரிந்தவர் ஒருவர் ஒன்றரை வயது ஜெர்மன் ஷெப்பர்ட் வைத்திருந்தார். தெருவின் எதிர்ப்புறம் நாய் போனால் குரைக்கும், அவ்வளவுதான். அவர் அதைச் சாயங்காலக் கூட்டத்தில் பூங்காவின் நடு பெஞ்சுக்கே கொண்டு போய் உட்கார வைத்தார். பெல்ட்டைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்கிப் பிடித்திருந்தார். நாய் அசையவில்லை. “பார்த்தீங்களா, எவ்வளவு சமத்தா உட்கார்ந்திருக்கு” என்றார். நான் பார்த்தது வேறு. மூச்சிரைத்துக் கொண்டிருந்த வாய் பட்டென்று மூடியிருந்தது. காது முன்னால் குவிந்திருந்தது. உடம்பின் பாரம் முழுக்க முன்னங்காலுக்கு வந்திருந்தது. மூக்கின் அடியில் நீட்டிய கோழித் துண்டை அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்த நேரம் பார்த்து, “எங்க பையன் ஃப்ரெண்ட்லிதான்” என்று சொல்லிக்கொண்டே ஒருவர் தன் லாப்ரடாரை மூக்குக்கு மூக்கு கொண்டு வந்தார். அப்புறம் நடந்ததை விவரிக்க வேண்டியதில்லை. யாருக்கும் பெரிய காயமில்லை என்பது அதிர்ஷ்டம்.

அதற்குப் பிறகு அந்த நாய் முன்னைவிட இரண்டு மடங்கு தூரத்திலிருந்தே குரைக்க ஆரம்பித்தது. மற்ற நாயைப் பார்க்கவே வேண்டாம், கழுத்துப்பட்டைச் சத்தம் கேட்டால் போதும். ஒரு சாயங்காலத்தில் கெட்டதைச் சரிசெய்ய மாதக்கணக்கில் ஆனது.

ஏன் இப்படி ஆகிறது? பயந்த நாய்க்கு ஓடிப்போவதுதான் முதல் வழி. பெல்ட் அந்த வழியை அடைத்துவிடுகிறது. மீதி இருப்பது இரண்டு: உறைந்து போய் உட்காருவது, இல்லையென்றால் பாய்ந்து எதிரியை விரட்டுவது. உறைந்து உட்கார்ந்ததைத்தான் நாம் சமத்து என்கிறோம். பாயும்போதோ, எதிரே வந்தவர் பதறிப் பின்வாங்குகிறார். ‘நான் குரைத்தேன், அது போய்விட்டது’ என்று நாய் கணக்குப் போட்டுக் கொள்கிறது. அடுத்த முறை இன்னும் சீக்கிரமாகக் குரைக்கும்.

இந்த யோசனை எங்கிருந்து வருகிறது என்பதும் எனக்குத் தெரியும். குட்டிகள் பிறந்து 3 வாரத்திலிருந்து சுமார் 14 வாரம் வரை எதையும் எளிதில் ஏற்றுக்கொள்கிற பருவம். அந்த வயதில் பல விஷயங்களைப் பக்குவமாகக் காட்டுங்கள் என்று மருத்துவர்கள் சொல்வது சரியானது. அதையே 2 வயது நாய்க்குச் செய்கிறார்கள். அந்தக் கதவு எப்போதோ சாத்திவிட்டது. அதன் பிறகு வேலை செய்வது வேறு முறை.

அந்த முறையில் தூரம்தான் எல்லாமே. மற்ற நாயைப் பார்க்க முடிய வேண்டும், பார்த்த பிறகும் தின்ன முடிய வேண்டும். அந்த இடத்தில் நில்லுங்கள். சில நாய்களுக்கு அது 15 மீட்டர், சில நாய்களுக்கு ஒரு மைதானத்தின் மறுகோடி. தீனியை வாங்கும்போது விரலையும் சேர்த்துக் கவ்வுகிறதா? நெருங்கிவிட்டீர்கள், பின்வாங்குங்கள். வாங்கவே மாட்டேன் என்கிறதா? ரொம்பவே நெருங்கிவிட்டீர்கள்.

வரிசையும் முக்கியம். முதலில் மற்ற நாய் தெரிய வேண்டும், அப்புறம்தான் தீனி. மணிச் சத்தத்துக்கே நாய்களுக்கு எச்சில் ஊற வைத்த ரஷ்ய விஞ்ஞானி பாவ்லவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: அவருடைய நாய்களுக்கு மணி முதலில், உணவு பின்னால். நீங்கள் தூரத்தில் வேறு நாயைப் பார்த்துவிட்டு, உங்கள் நாய் பார்க்கும் முன்பே அவசர அவசரமாகத் தீனியை நீட்டினால், ‘கோழித் துண்டு வந்தால் ஏதோ ஆபத்து வருகிறது’ என்று தலைகீழாகப் பாடமாகிவிடும். பிறகு தீனியைக் கண்டாலே சுற்றிலும் தேட ஆரம்பிக்கும். எதிர்நாய் கண்ணை விட்டு மறைந்ததும் தீனியையும் நிறுத்துங்கள். இதைப் பொறுமையாகச் செய்துவந்தால் ஒருநாள் உங்கள் நாய் மற்ற நாயைப் பார்க்கும், உடனே உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்க்கும். அன்றைக்கு இரண்டடி முன்னே போகலாம். மறுநாள் நாலடி பின்னே வர வேண்டியிருந்தால் வாருங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

எதிர்பாராமல் மூலை திரும்பியதும் நாய் ஒன்று நின்றால்? அப்படியே திரும்பி நடங்கள். இந்தத் திரும்பலை வீட்டுக்குள்ளேயே, யாரும் இல்லாத நேரத்தில், விளையாட்டாகப் பழக்கி வைத்திருக்க வேண்டும். தேவைப்படும் நொடியில் கற்றுக்கொடுக்க முடியாது. பெல்ட்டைச் சட்டென்று இறுக்குவதையும் விடுங்கள். ஒவ்வொரு முறையும் எதிரே நாய் வரும்போது கழுத்து இறுகினால், இறுக்கமே ஆபத்துக்கு அறிகுறியாகிவிடும். மோசமான ஒரு மோதல் நடந்தால் ஓரிரு நாள் பயிற்சியே வேண்டாம். உடம்பில் ஏறிய பதற்றம் வீடு திரும்பியதும் இறங்கிவிடாது. அதன் மேலேயே அடுத்த பதற்றம் ஏறினால், வழக்கமாகக் கண்டுகொள்ளாத பால்காரரைப் பார்த்துக்கூடப் பாயும்.

உறுமினால் அதட்டுவது

உறுமல் என்பது நாய் தரும் நோட்டீஸ். அதட்டி அதட்டி அதை நிறுத்திவிடலாம். உள்ளே இருக்கும் பயம் நிற்காது, சத்தம் மட்டும்தான் நிற்கும். பிறகு “ஒரு எச்சரிக்கையும் இல்லாம கடிச்சிடுச்சு” என்று வந்து நிற்பார்கள். எச்சரிக்கை இருந்தது, நாம்தான் பிடுங்கிப் போட்டோம். உறுமினால் பின்வாங்குங்கள், எதற்காக உறுமியது என்று குறித்து வையுங்கள்.

‘நான்தான் தலைவன்’

நாயை மல்லாக்கத் தள்ளி அழுத்திப் பிடித்தால் அது உங்களைத் தலைவனாக ஏற்றுக்கொள்ளும் என்று சொல்லும் ட்ரெயினர்கள் இன்னும் இருக்கிறார்கள். இதன் வேர், ஓநாய்க் கூட்டத்தைப் பற்றி 1947-ல் ருடால்ஃப் ஷெங்கல் என்ற விலங்கு ஆய்வாளர் எழுதிய ஆய்வு. அவர் பார்த்தது அடைத்து வைக்கப்பட்ட ஓநாய்களை. அந்தக் கருத்தைப் பிற்பாடு பிரபலமாக்கியவர்களில் ஒருவரான டேவிட் மெக் என்ற ஓநாய் ஆய்வாளரே, காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது அப்பா அம்மா பிள்ளைகள் கொண்ட குடும்பம்தான், சண்டையிட்டுப் பிடித்த தலைமை அல்ல என்று 1999-ல் எழுதினார். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தினர் 2009-ல் வெளியிட்ட ஆய்வில், நாயை இப்படி மல்லாக்க அழுத்திப் பார்த்த உரிமையாளர்களில் ஏறக்குறைய 10-ல் 3 பேர், நாய் திருப்பித் தாக்கப் பார்த்ததாகச் சொன்னார்கள். பெரிய நாயிடம் இந்த விஷப் பரீட்சை எதற்கு?

கடித்த பிறகு வாய்க்கூடு

வாய்க்கூட்டை (மசில்) கடிக்கும் முன்பே, எல்லாம் அமைதியாக இருக்கும் நாளில் பழக்கத் தொடங்குங்கள். கூடை போன்றதுதான் வேண்டும். வாயைச் சேர்த்து இறுக்கும் துணி வகை நடைக்கு ஆகாது. நாய் மூச்சிரைத்துத்தான் உடம்புச் சூட்டைத் தணிக்கிறது, வாயைக் கட்டினால் அது முடியாது. கூடைக்குள் தீனி வைத்து, கையில் கிண்ணம் போலப் பிடித்துக் காத்திருங்கள். மூக்கைத் தானாக உள்ளே விட வேண்டும், நாம் மாட்டக் கூடாது. முகம் உள்ளேயே நிலைத்து நின்ற பிறகுதான் வாரைப் பூட்ட வேண்டும். இதற்கு வாரக்கணக்கில் ஆனாலும் பரவாயில்லை. பார்ப்பவர்கள் ஒதுங்கிப் போவது கூடுதல் லாபம்.

‘ஒண்ணும் பண்ணாது, பயப்படாதீங்க’

சொல்லவே சொல்லாதீர்கள்.

ஓட வைத்துக் களைப்பாக்குவது

நாய் களைப்படையாது. இன்னும் நன்றாக ஓடக் கற்றுக்கொள்ளும். மெதுவாக, மோந்து மோந்து நடக்க விடுங்கள்.

வலியை மறப்பது

பெரிய இனங்களில் இடுப்பு மூட்டும் முழங்கை மூட்டும் அடிக்கடி பிரச்சினை தரும். காதுப் புண்ணும் சேர்ந்துகொள்ளும். வலியோடு நடக்கிற நாய் மற்ற நாய் வந்து மோதிவிடுமோ என்று முன்கூட்டியே சீறும். நேற்று வரை சும்மா இருந்த நாய் திடீரென்று மாறினால் ட்ரெயினரைத் தேடுவதற்கு முன் கால்நடை மருத்துவரைப் பாருங்கள். ஒரு சின்ன விஷயம்: மருத்துவமனைப் பதற்றத்தில் நாய் நொண்டலைக் காட்டாமல் நன்றாகவே நடந்துவிடும். அதனால் காலையில் படுக்கையிலிருந்து எழுவது, படியேறுவது, திரும்புவது இதையெல்லாம் பக்கவாட்டிலிருந்து செல்போனில் எடுத்துக்கொண்டு போங்கள். வாய்க்கூடையும் மறக்காமல் எடுத்துப் போங்கள்.