வெவ்வேறு நாட்டு மாணவர்களோடு ஒரே குழுவில்: முதல் புராஜெக்ட்டுக்கு முன் செய்ய வேண்டியவை

பல நாட்டு மாணவர்கள் சேர்ந்து செய்யும் புராஜெக்ட்டில் நான் முதல்முறை சேர்ந்தபோது ஐந்து பேர் இருந்தோம். இந்தியாவில் இருவர், ஜெர்மனி, பிரேசில், தென்கொரியாவில் தலா ஒருவர். ஐவருமே நன்றாக உழைக்கிறவர்கள். அப்படியும் முதல் மூன்று வாரம் வீணாய்ப் போனது. காரணம், பேசி முடிவெடுத்த எதையும் நாங்கள் எழுதி வைக்கவில்லை. 'எழுதாக் கணக்கு அழுதாலும் தீராது' என்பார்கள். ஒரே வகுப்பறையில் இருந்தால் மறந்துபோனதை இடைவேளையில் கேட்டுக்கொள்ளலாம். ஒருவர் தூங்கும் நேரத்தில் இன்னொருவர் வேலை செய்யும் குழுவில், ஒரு சின்னக் கேள்விக்குப் பதில் வரவே ஒரு நாள் ஆகிவிடும்.

முதல்முறை இப்படிச் சேரப் போகிறவர்களுக்காக, நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டதை வரிசையாகச் சொல்கிறேன்.

படி 1: எல்லோருக்கும் ஒரே கடிகாரம்

சந்திப்பு நேரத்தை யாருடைய ஊர் நேரத்திலும் குறிக்காதீர்கள். யூடிசி எனப்படும் உலகப் பொது நேரத்தில் குறியுங்கள். யூடிசி 12:00 என்றால் இந்தியாவில் மாலை 5.30, சாவ் பாவ்லோவில் காலை 9, சியோலில் இரவு 9. பெர்லினில் மட்டும் குளிர்காலத்தில் பிற்பகல் 1, கோடையில் 2.

எங்களைக் கவிழ்த்தது அந்த 'மட்டும்'தான். 'ஜெர்மனி நேரம் பிற்பகல் 2' என்று வாராந்தரச் சந்திப்பை வைத்திருந்தோம். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் அக்டோபர் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்கு வைப்பார்கள். அதற்கு அடுத்த சந்திப்பில் நாங்கள் நால்வரும் வழக்கமான நேரத்துக்கு வந்து அரை மணி நேரம் காத்திருந்துவிட்டுப் போய்விட்டோம். ஜெர்மனி நண்பர் அவருடைய 2 மணிக்குச் சரியாக வந்து, ஆளில்லாத திரையைப் பார்த்திருக்கிறார். இரு தரப்பும் சொன்ன நேரத்துக்குத்தான் வந்தது. அமெரிக்காவில் இருப்பவர்கள் குழுவில் இருந்தால் இன்னும் கவனம் வேண்டும்: அங்கே பெரும்பாலான மாநிலங்களில் கடிகாரம் மாறுவது மார்ச் இரண்டாம் ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும். இடைப்பட்ட வாரங்களில் ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் உள்ள இடைவெளியே வேறாக இருக்கும்.

எல்லோருக்கும் வசதியான நேரம் அமையாவிட்டால், அசௌகரியத்தை முறை வைத்துப் பகிர்ந்துகொள்ளுங்கள். எப்போதும் ஒரே ஆள் விடியற்காலையில் எழுந்து உட்காருவது நியாயமில்லை. அவர் ஒரு மாதத்தில் களைத்துப்போவார்.

கெடு தேதிக்கும் இதே கதைதான். 'வெள்ளிக்குள் அனுப்பு' என்றால் யாருடைய வெள்ளி? சில பன்னாட்டு மாநாடுகளின் அறிவிப்பில் 'எனிவேர் ஆன் எர்த்' என்று போட்டிருப்பார்கள். உலகில் எங்காவது ஓரிடத்தில் வெள்ளி மிச்சமிருக்கும்வரை அனுப்பலாம் என்று பொருள். இந்திய நேரப்படி அது சனி மாலை 5.30 வரை நீளும். உங்கள் குழு எதைப் பின்பற்றுகிறது என்பதை முதல் நாளே எழுதிவிடுங்கள்.

படி 2: வராத நாட்களைக் கேட்டு வாங்குங்கள்

ஒவ்வொருவரின் தேர்வு வாரம், பண்டிகை விடுமுறை, வார விடுமுறை எல்லாவற்றையும் பொது நாட்காட்டியில் போடச் சொல்லுங்கள். வெள்ளியும் சனியும் வார விடுமுறையாக உள்ள நாடுகளும் உண்டு. பத்து நிமிட வேலை இது.

படி 3: முடிவுகளுக்கு ஒரே இடம்

பொது ஆவணம் ஒன்றைத் திறந்து அதில் நான்கு பத்தி கொண்ட அட்டவணை போடுங்கள்: தேதி, எடுத்த முடிவு, பொறுப்பாளர், எப்போதைக்குள். சாட்டில் என்ன பேசினாலும், அந்த ஆவணத்தில் ஏறாதது முடிவாகாது என்று விதி வைத்துக்கொள்ளுங்கள். கருவியைத் தேர்ந்தெடுக்கும் முன் எல்லோராலும் அதைத் திறக்க முடிகிறதா என்று கேளுங்கள். சீனாவின் பெருநிலப்பகுதியில் கூகுள் டாக்ஸ், வாட்ஸ்அப் இரண்டுமே நேரடியாக வேலை செய்யாது.

படி 4: தேதியையும் எண்ணையும் எழுதும் முறை

இந்த ஒரு படியை மட்டும் தாண்டிப் போய்விடாதீர்கள் என்று கெஞ்சியே கேட்பேன். 03/04 என்று எழுதினால் இந்தியாவில் அது ஏப்ரல் 3. அமெரிக்காவில் மார்ச் 4. ஐஎஸ்ஓ 8601 என்ற பன்னாட்டுத் தரம் சொல்கிறபடி ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் 2025-04-03 என்று எழுதினால் குழப்பமே வராது. கோப்புப் பெயரின் தொடக்கத்திலும் இப்படியே போட்டால், கோப்புகள் தாமாகவே காலவரிசையில் நிற்கும்.

எண்களில் பிழை சத்தமில்லாமல் நுழையும். ஜெர்மனியிலும் பிரேசிலிலும் தசமத்துக்குக் காற்புள்ளி. ஆயிரத்தைப் பிரிக்கப் புள்ளி. நம் வழக்கத்துக்கு நேர் எதிர். வீட்டு மின்பயன்பாட்டை ஒப்பிட நாங்கள் தரவு சேர்த்தபோது, ஜெர்மனி நண்பர் 1.250 என்று அனுப்பினார். ஆயிரத்து இருநூற்று ஐம்பது யூனிட் என்று அவர் எண்ணியதை, எங்கள் ஸ்ப்ரெட்ஷீட் ஒன்றேகால் என்று எடுத்துக்கொண்டது. பிழை என்று எந்த எச்சரிக்கையும் வரவில்லை. வரைபடத்தில் ஒரு நாட்டின் சில பட்டைகள் தரையோடு தரையாகக் கிடந்ததைப் பார்த்த பிறகுதான் சந்தேகமே வந்தது. எல்லா எண்களும் அப்படித் தவறியிருந்தால் உடனே தெரிந்திருக்கும். 950, 870 போன்ற புள்ளியில்லாத எண்கள் சரியாகவே ஏறியிருந்ததால், ஒவ்வொரு வரிசையாக உட்கார்ந்து சரிபார்க்க வேண்டியதாயிற்று.

ஆகவே: ஸ்ப்ரெட்ஷீட்டின் செட்டிங்ஸில் லொகேல் (எந்த நாட்டு எண், தேதி முறை என்பதைக் குறிக்கும் அமைப்பு) என்ன என்று முதலில் பாருங்கள். ஆயிரத்தைப் பிரிக்கும் குறியே வேண்டாம், 1250 என்று மட்டும் எழுதுங்கள். அலகை ஒவ்வொரு பத்தியின் தலைப்பிலும் போடுங்கள். யாராவது தரவு அனுப்பினால், மிகச் சிறிய எண்ணையும் மிகப் பெரிய எண்ணையும் அவரிடமே திருப்பிச் சொல்லி 'சரியா?' என்று கேளுங்கள்.

படி 5: ஒரு வேலைக்கு ஒரு பெயர்

'நாம் எல்லோரும் சேர்ந்து முன்னுரை எழுதுவோம்' என்றால் அது எழுதப்படாது. ரிங்கல்மன் என்ற பிரெஞ்சு வேளாண் பொறியாளர் 1913இல் வெளியிட்ட ஆய்வில், ஆட்களைத் தனியாகவும் கூட்டாகவும் இழுக்கச் செய்து விசையை அளந்தார். ஆள் கூடக்கூட, ஒவ்வொருவரின் சராசரி இழுப்பு குறைந்துகொண்டே வந்தது. அதற்குச் சோம்பல் மட்டும் காரணமில்லை. எல்லோரும் ஒரே கணத்தில், ஒரே திசையில் இழுப்பது கடினம். கண்ணெதிரே நிற்பவர்களுக்கே அந்தப் பாடு என்றால், கண்டங்கள் தாண்டி உட்கார்ந்திருப்பவர்கள் வேலையைப் பிரித்துத்தான் ஆக வேண்டும். வேலைக்கு எதிரே ஒரே ஒரு பெயர்; பக்கத்தில், சரிபார்க்கிறவர் பெயர்.

படி 6: மௌனத்தைக் கேள்வி கேளுங்கள்

மௌனம் சம்மதம் என்ற கணக்கு இங்கே செல்லாது. ஒருவர் பேசாமல் இருந்தால் அவருடைய இணைய இணைப்பு விட்டுவிட்டு வருவதாக இருக்கலாம். ஆங்கிலத்தில் வாக்கியத்தை அவர் மனதுக்குள் அமைத்து முடிப்பதற்குள் பேச்சு அடுத்த விஷயத்துக்குப் போயிருக்கலாம். இரண்டாவது சந்திப்பில் அப்படி வாயடைத்து இருந்தது நான். வினாப்பட்டியலில் ஒரு தவறு இருந்தது எனக்குத் தெரியும். சொல்ல இடம் கிடைக்கவில்லை. தவறோடேயே அந்தப் பட்டியல் வெளியே போனது.

பிறகு, கொரிய மாணவி ஒரு வழி சொன்னார். சந்திப்பின் முதல் ஐந்து நிமிடம் யாரும் பேசக் கூடாது. எல்லோரும் பொது ஆவணத்தில் தங்கள் கருத்தை எழுத வேண்டும். அதைப் படித்த பிறகே பேச்சு. இவ்வளவு எளிய ஏற்பாடு குழுவை இப்படி மாற்றும் என்று நான் நினைக்கவில்லை. அதுவரை ஓரிரு சொல்லோடு நிறுத்திக்கொண்ட பிரேசில் நண்பர், அன்று அரைப் பக்கம் எழுதினார். இறுதி அறிக்கையின் முக்கியமான வாதம் அதிலிருந்துதான் வந்தது.

படி 7: ஒப்படைப்பது

அறிக்கையை ஐந்து பேர் எழுதினாலும், கடைசியில் ஒருவரே முதலிலிருந்து முடிவு வரை திருத்தட்டும், நடை ஒன்றாகும். மற்றவர்கள் நேரடியாக அழிக்காமல், பரிந்துரையாக மட்டும் மாற்றங்களைப் போடட்டும். கெடுவுக்கு 24 மணி நேரம் முன்பே ஒருவர் பதிவேற்ற, வேறொரு நாட்டில் இருப்பவர் அதை இறக்கித் திறந்து பார்க்கட்டும்.

புராஜெக்ட் முடிந்த அன்றே எல்லாக் கோப்புகளையும் ஒவ்வொருவரும் தம் கணினியில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். பொது ஃபோல்டர் பெரும்பாலும் யாரோ ஒருவரின் கல்லூரிக் கணக்கில்தான் இருக்கும். அவர் படிப்பை முடித்து அந்தக் கணக்கு மூடப்படும்போது, ஃபோல்டரும் அதோடு போய்விடலாம்.