மெக்னீசியம் மாத்திரை வாங்கும் முன் கிட்னி ரிப்போர்ட்டைப் பாருங்கள்

சுகர் உள்ளவருக்கு ராத்திரியில் கெண்டைக்கால் இழுத்துப் பிடித்தால், மதுரையில் வைத்தியம் சொல்ல ஆளா இல்லை? அண்ணா நகர் உழவர் சந்தையில் கீரைக்கட்டை எடுக்கும்போதே "மெக்னீசியம் போடுங்கண்ணே, சரியாயிரும்" என்பார்கள். போடலாம்தான். ஆனால் கிட்னி எப்படி இருக்கிறது என்று தெரிந்த பிறகு.

சர்க்கரை ஏறி இருக்கும்போது அடிக்கடி சிறுநீர் போகும். மெக்னீசியமும் அதோடு போய்விடும். கிட்னி ரொம்பத் தளர்ந்துவிட்டால் நேர் எதிர்: வெளியேற வழியில்லாமல் ரத்தத்தில் சேரும்.

படி 1: பழைய ஃபைலை எடுத்து ஈஜிஎஃப்ஆர் (eGFR) தேடுங்கள். கிட்னி ரத்தத்தை எவ்வளவு வடிகட்டுகிறது என்று காட்டும் எண் அது. ரத்தத்தில் கிரியாட்டினின் (கிட்னி வெளியேற்ற வேண்டிய கழிவு) 1.2 தானே என்று விட்டுவிடாதீர்கள். 70 வயது அம்மாவுக்கு 1.2 என்றால் ஈஜிஎஃப்ஆர் 50-ஐ ஒட்டித்தான் வரும். 60-க்குக் கீழே மூன்று மாதம் நீடித்தால் நாள்பட்ட கிட்னி பாதிப்பு.

படி 2: சிறுநீரில் ஏசிஆர் (ACR) பாருங்கள், கிட்னி வழியாக எவ்வளவு புரதம் கசிகிறது என்று அது காட்டும். 30-க்குக் கீழே இருப்பது நல்லது.

படி 3: மெக்னீசியம் டெஸ்ட் பெரும்பாலும் வழக்கமான சுகர் டெஸ்ட்டோடு வராது, லேபில் தனியாகக் கேட்க வேண்டும். ஒரு டெசிலிட்டர் (100 மி.லி.) ரத்தத்துக்கு ஏறக்குறைய 1.7 முதல் 2.2 மி.கி. வரை சரியான அளவு, லேபுக்கு லேப் சற்று மாறும். உடம்பிலுள்ள மெக்னீசியத்தில் 1 சதவீதம்கூட ரத்தத்தில் இல்லை. மற்றதில் பெரும்பகுதி எலும்பிலும் தசையிலும். அதனால் நார்மல் என்று வந்தாலும் குறைவே இல்லை என்று சொல்லிவிட முடியாது.

படி 4: இதுதான் முக்கியம். வீட்டிலுள்ள மாத்திரை அட்டைகள், பாட்டில்கள் எல்லாவற்றையும் மேசையில் பரப்புங்கள். வயிற்று அமிலத்துக்காக வருஷக்கணக்கில் போடும் பான்டோபிரசோல், ஒமிபிரசோல் மெக்னீசியத்தைக் குறைக்கலாம். பிரஷருக்கும் கால் வீக்கத்துக்கும் தரும் நீர் மாத்திரைகளில் பலவும் அப்படியே. அடுத்து, நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கும் வெள்ளை மருந்தின் லேபிளைப் படியுங்கள். பலவற்றில் மெக்னீசியம் ஹைட்ராக்சைடு இருக்கும், சில மலமிளக்கிகளிலும் உண்டு. ஈஜிஎஃப்ஆர் 30-க்குக் கீழே உள்ளவர் டாக்டர் சொல்லாமல் அவற்றைத் தொடக் கூடாது. டாக்டர் எழுதிய மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். எல்லாவற்றையும் பட்டியல் போட்டு அவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

படி 5: கிட்னி நன்றாக இருந்தால் கம்பு, கீரை, பாசிப்பயறு, ஒரு பிடி நிலக்கடலை போதும். கிட்னி தளர்ந்தவருக்குக் கீரையிலும் பயறிலும் பொட்டாசியம் கணக்கு வேறு இருக்கிறது, டயட்டீஷியனைக் கேளுங்கள்.

மெக்னீசியம் குறைந்தவர்களுக்குக் கிட்னி வேகமாகக் கெடுவதை ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். அதற்காக மாத்திரை போட்டால் கிட்னி பிழைக்கும் என்று நிரூபணமாகவில்லை. கிட்னி பாதிப்புள்ளவர் மெக்னீசியம் எடுத்த பிறகு உடம்பு துவண்டு, தூக்கம் சொக்கி, நாடி மெதுவானால் விடியட்டும் என்று இருக்காதீர்கள். உடனே பெரியாஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போங்கள்.