மூட்டை எடை மாறக்கூடாது: பைத்தனில் மாறிலிகள்

சம்மாந்துறைப் பக்க நெல் ஆலை ஒன்றுக்கு பில் போடும் புரோகிராம் எழுதுகிறீர்கள் என்று வைப்போம். மூட்டைக்கு 66 கிலோ. அந்தப் பெறுமதியை இடையில் எந்த வரியும் மாற்றிவிடக்கூடாது. இப்படி மாறாத பெறுமதிதான் மாறிலி. அதைக் குறிக்க ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் ‘கொன்ஸ்ட்’ என்ற சொல் இருக்கிறது, பைத்தன் மொழியில் அப்படி ஒன்றும் இல்லை.

முதலில், மாறிலிகள் எல்லாவற்றையும் தனிக் கோப்பு ஒன்றில் போட்டு, மாற்றக்கூடாது என்பதற்கு அடையாளமாகப் பெயர்களை ஆங்கிலப் பெரிய எழுத்தில் எழுதுங்கள். பைத்தன் 3 தமிழ்ப் பெயரையும் ஏற்கும். ஆனால் தமிழில் பெரிய எழுத்து ஏது? ‘மாறிலி_மூட்டை’ என்று முன்னொட்டு வைத்தால் சரி.

பைத்தன் 3.8 முதல் ‘டைப்பிங்’ மொடியூலில் ‘ஃபைனல்’ என்ற குறிப்பு உண்டு. மாறிலிக்கு அதைக் குறித்துவிட்டு, கோடை ஓட்டாமலே சோதிக்கும் ‘மைபை’ என்ற கருவியை ஓட்டினால், மறுபடி பெறுமதி கொடுத்த வரியைக் காட்டித்தரும். புரோகிராம் ஓடும்போது மட்டும் அது எதையும் தடுக்காது.

ஓடும்போதே தடுக்க வேண்டுமா? மாறிலிகளை ‘ஃப்ரோசன்’ (உறைந்தது) என்று குறித்த டேட்டாகிளாஸில், அதாவது பெறுமதிகளைச் சேர்த்து வைக்கும் கிளாஸ் ஒன்றில், அடக்குங்கள். அதன் ஒப்ஜெக்டில் யாராவது 66ஐ 70 ஆக்கப் பார்த்தால் உடனே பிழை வரும். வேண்டுமென்றே உடைக்க வழி இருக்கிறதுதான், ஆனால் கைதவறுதலுக்கு இது போதும்.

அதற்குள் லிஸ்ட் வைத்தால் பூட்டியும் பயனில்லை: அந்த இடத்தில் வேறு லிஸ்டை வைக்க முடியாதே தவிர, இருக்கும் லிஸ்டுக்குள் ‘அப்பெண்ட்’ போட்டுப் புதிதாகச் சேர்ப்பது தாராளமாக நடக்கும். லிஸ்டுக்குப் பதில், உள்ளே எதையும் சேர்க்கவோ மாற்றவோ முடியாத டியூபிள் போடுங்கள்.

கண்டுபிடிக்கக் கஷ்டமான பிழை வேறொன்று. சாதாரண மாறிலியின் பெயருக்கு ஒரு சார்புக்குள் (ஃபங்ஷனுக்குள்) பெறுமதி கொடுத்தால், வெளியே உள்ளது மாறாது, அதே பெயரில் உள்ளூர் மாறி ஒன்று பிறக்கும். அந்தச் சார்பின் கணக்கு மட்டும் சத்தமில்லாமல் பிழையாகும்.